பதினெட்டு வயது வரை

பள்ளிக்கூட வாசலில் நின்ற, பிள்ளைகளுக்கான என் பல் வைத்திய வேனுக்குள் வீங்கிய கன்னத்தோடு ஒரு மாணவனின் அப்பா ரேவி புகுந்தான். எங்கள் நார்த்லாந்து வட்டாரத்தில் பெரியவர்களுக்குப் பல் டாக்டர் கிடைக்க மாசக்கணக்காகும்.

"ஆடுற பல்லுதான்க்கா, புடுங்கிடு."

"என் லைசென்ஸ் பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குத்தான்டா. உன்னைத் தொட்டா அது போயிடும்."

"என் மகனுக்கு மட்டும் புடுங்கினியே!" என்று கத்தியவன், என் கழுத்தை நெரித்துச் சுவரில் அழுத்தினான். கண் இருட்டியது. கைக்கு அகப்பட்ட இரும்புத் தட்டால் அந்த வீக்கத்திலேயே ஓங்கி அடித்தேன். ரத்தத்தோடு பல் தரையில் விழுந்தது.

அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான்.

"விழுந்துடுச்சுக்கா! அப்ப லைசென்ஸ்?"

"வைத்தியத்துக்குத்தான்டா லைசென்ஸ் வேணும், அடிக்கிறதுக்கு வேணாம். இன்னும் எது ஆடுது, சொல்லு."