பால் பூசிய வேன்

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மிஷின் பார்க்கும் கிருஷ்ணராஜ், தொண்ணூற்றெட்டில் அந்த வேனை ஏலத்தில் எடுத்தபோது அதற்கு முகமே இல்லை. பள்ளத்தில் உருண்டு, இன்சூரன்ஸ் கம்பனி கைகழுவிய வண்டி.

"பொணத்தயில்ல வாங்கிட்டு வந்திருக்கான்!" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே சிரித்தது.

எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றபின் வேன் எழுந்து நின்றது. இனி கேகாலையில் மோட்டார் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி பதிவு கிடைக்கும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைதான்.

பரிசோதகர் வேனுக்கடியில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"செசி நம்பர் எங்கே? அடிச்சட்டத்தில் பொறித்திருக்க வேண்டுமே?"

கிருஷ்ணராஜ் குனிந்து பார்த்தான். துருப்பிடிக்காமலிருக்க ரப்பர் பாலில் கரியைக் கலந்து, அடிப்பக்கம் முழுவதும் நாலு பூச்சுப் பூசியிருந்தான். நம்பரையும் சேர்த்துப் பூசியிருக்கிறான்!

"பால் மூடிருச்சுங்க மாத்தயா. இந்தா, சுரண்டிடுறேன்." தகடு ஒன்றை எடுத்தான்.

"சுரண்டி ஓர் இலக்கம் கெட்டாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நம்பரில் கை வைத்த வண்டி என்றுதான் எழுதுவேன்."

கூட வந்திருந்த மனைவி ஷாமிளா தகட்டைப் பிடுங்கினாள்.

"பாலுக்குப் போயி யாராச்சும் இரும்பு வைப்பாங்களா? தள்ளுங்க."

சேலையைச் செருகிக்கொண்டு வேனுக்கடியில் நுழைந்தாள். அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். தினமும் முந்நூறு மரத்தில், பழைய வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டுத்தான் கத்தி வைப்பாள். அந்த விரல்கள் ஓரத்தைத் தடவித் தேடின. நகத்தால் கிளப்பி, அவசரப்படாமல் இழுத்தாள். சாண் அகலப் பட்டை அறுபடாமல் கழன்று வந்தது. இரும்பில் நம்பர் கீறலின்றி மின்னியது. உரிந்த பட்டையின் உட்புறத்திலும் அதே நம்பர் இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

பரிசோதகர் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். இன்சூரன்ஸ் கம்பனிக் கடிதத்திலிருந்த நம்பரோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார்.

"ஹரி, எல்லாம் சரி," என்று கையெழுத்துப் போட்டார். பிறகு கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "எந்தக் கராஜில் செய்தது?"

"கராஜ் இல்லீங்க. எங்க லயத்து வாசல்ல."

"வாசலிலா? இதையா?"

"ஆமாங்க." கிருஷ்ணராஜின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாரத்துல திருத்துன எடம்னு கேட்டிருந்தா அப்படியே எழுதுங்க மாத்தயா. அஞ்சாம் நம்பர் லயம்."

"பாலை உரிச்சது யாருன்னும் எழுதச் சொல்லுங்க," என்றாள் ஷாமிளா, கரி படிந்த கையை அவன் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே.