சத்தம் போடாத பம்பு

"இப்பப் போடுங்க பாய்" என்று காரின் பின் சீட்டிலிருந்து வீரையன் சொன்னான்.

பட்டறை முதலாளி ஜெய்னுலாபுதீன் முன்பக்கம் குனிந்து சாவியைத் திருப்பினார். டிக்கிக்குள் இருந்த பெட்ரோல் பம்பு டக் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. அப்பாவின் தலை வரப்போகிற இடத்தில் தன் தலையை வைத்துக் கால்களை மடக்கிப் படுத்திருந்த வீரையன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிடரிக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் தட்டுவது போலிருந்தது.

"நிறுத்துங்க. ஆவாது."

"அடியில ரப்பரு வச்சியா?"

"சைக்கிள் டியூப்ப வெட்டி ரெண்டு மடிப்பு வச்சிருக்கேன் பாய். அப்பவும் தகட்டுல ஏறி வருது."

சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்புகிறவர்கள் கூத்தாநல்லூரில் மாடி வீடு கட்டுவார்கள். ஜெய்னுலாபுதீன் பட்டறை வைத்தார். சோழவரம் கார் பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று ஒரு பழைய பியட் காரை வாங்கி, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தி, ஆறு மாதமாக அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அந்த வண்டியைச் சக்களத்தி என்றுதான் சொல்வார். அவரிடம் வேலை பார்த்த வீரையனுக்கும் அதன்மேல் பைத்தியம். இன்ஜினோடு வந்த பம்பை இயக்குகிற மேடு, பந்தயத்துக்காக மாற்றிய கேம்ஷாப்ட் தண்டில் கிடையாது, அதனால் கரண்டில் ஓடுகிற பம்புதான் வைத்தாக வேண்டும். அந்த வகை பம்பு பெட்ரோலை இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் கெட்டி. டாங்கிக்குப் பக்கத்திலேயே அதை வைக்க வேண்டும். இந்த வண்டியில் டாங்கி இருப்பது டிக்கியில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி.

பந்தயக்காரனுக்குப் பம்பு சத்தம் ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்குப் பின் சீட்டில் படுக்கப்போகிறவர் அவன் அப்பா மருதையன்.

காலையில் மாமா பஞ்சநதம் கோட்டூருக்குத் தெற்கே இருக்கிற சொந்த ஊரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்கச் சேதி சொன்னார். அப்பாவுக்கு வாய் திறக்க முடியாமல் கிட்டிவிட்டது. ரண ஜன்னி, டாக்டர் பாஷையில் டெட்டனஸ். கோட்டூர் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வழியில் வெளிச்சமும் சத்தமும் படக்கூடாது, ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு இழுக்கும், எந்த இழுப்பில் மூச்சு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார். கோட்டூரில் இருந்த ஒரே டாக்ஸி மிராசுதாரின் மச்சானுடையது. அது வராது.

மிராசுதாரிடம் உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்து, அதில் கொஞ்சத்தை மருதையனுக்குக் கொடுத்திருந்தது. மந்திரி மேடையில் நின்று, கைதட்டலுக்கு நடுவே கொடுத்த பட்டா. பட்டா மருதையனிடம் இருந்தது, நிலத்தைச் சுற்றி மிராசுதாரின் வேலி இருந்தது. போன அமாவாசையன்று விவசாய சங்கத்து ஆட்கள் அந்த வேலியைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பலகையில் இருந்த துருப்பிடித்த ஆணி மருதையனின் குதிகாலில் ஏறியது. மண்ணெண்ணெய் ஊற்றித் துணியைக் கட்டிக்கொண்டு அவர் அதே காலோடு சேற்றில் இறங்கி நாற்று நட்டார். கரையேறி ஆஸ்பத்திரிக்குப் போனால், திரும்பி வருவதற்குள் வேலி மறுபடி முளைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வீரையன் இன்னொரு பம்பை மாட்டினான். சிங்கப்பூரிலிருந்து ஜெய்னுலாபுதீனின் தம்பி கொண்டுவந்தது, உள்ளங்கையில் அடங்கும். சாவியைத் திருப்பினால், ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தபோது, முதல் பம்பு ஒரு பாட்டிலை நிரப்பி வழியவிட்ட நேரத்தில் இது பாதியைத்தான் தாண்டியிருந்தது.

"இத வச்சிக்கிட்டு மிதிச்சேன்னா கார்புரேட்டரு காஞ்சி போயிடும் தம்பி" என்றார் ஜெய்னுலாபுதீன். "மன்னார்குடி தாண்டுனா ரோடு காலியா கெடக்கும். அந்தப் பம்புன்னா முக்கா மணியில தஞ்சாவூரு. இதுன்னா அதுக்கு ரெட்டிப்பு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒங்க அப்பா, நீதான் முடிவு பண்ணணும்."

வீரையன் மாமாவைப் பார்த்தான்.

"வெரசாப் போறதுதான் மாப்ள நல்லது" என்றார் பஞ்சநதம். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா நேத்து ராத்திரி ஒரு கிண்ணி வுழுந்துச்சி. ஒடம்பு வில்லா வளைஞ்சி, மூச்சே நின்னு போயித் திரும்புச்சி. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

இரண்டு பம்பையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வீரையன் நின்றான். பந்தய வண்டிக்கு என்றால் அவன் யோசித்தே இருக்க மாட்டான்.

"சின்னதே இருக்கட்டும்" என்றான். பந்தயத்துக்காகக் கழற்றியிருந்த சைலன்சரையும் திரும்ப மாட்டிவிட்டு அவனும் மாமாவும் ஊருக்குக் கிளம்பினார்கள்.

தெருவில் நுழைந்தபோது நாய் கூடக் குரைக்கவில்லை. குழந்தைகளைக் காலையிலேயே வாய்க்கால் பக்கம் துரத்திவிட்டிருந்தார்கள். யார் வீட்டிலும் உரலில் இடிக்கவில்லை. வீட்டுக்குள் அம்மா ராசம்மாள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். வளையல் சத்தம் கேட்டு அப்பாவுக்கு இழுக்கிறது என்று யாரோ கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழற்றுவாளா அவள்? வளையல்களுக்கு மேல் துணியைச் சுற்றி முடிந்திருந்தாள்.

அப்பாவைப் பாயோடு தூக்கிச் சீட்டில் கிடத்தி, தலையை அம்மாவின் மடியில் வைத்தார்கள். வெளிச்சம் படாமல் பின் ஜன்னல்களில் ஈரப் புடவையைக் கட்டினார்கள். அப்பாவின் பற்கள் இறுகி, முகம் சிரிப்பது போல் கோணியிருந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. வீரையனைப் பார்த்த கண்கள் வயல் இருக்கும் பக்கமாகப் போய்த் திரும்பின.

"நான் இங்க இருந்து வயலப் பாத்துக்கறேன் மச்சான்" என்று பஞ்சநதம் காதோரம் மெல்லச் சொன்னார். மருதையன் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. டிக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இன்ஜின் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகல் ஒரே சீராக இருந்ததால் அப்பாவை அது ஒன்றும் செய்யவில்லை. நல்ல பம்பைத்தான் எடுத்திருக்கிறோம் என்று வீரையனுக்குத் தைரியம் வந்தது.

மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்தான். அவ்வளவுதான். பின்னால் சீட்டு கிறீச்சிட்டது. கண்ணாடியில் பார்த்தான். அப்பாவின் நெஞ்சு மேலே எழும்பி நின்றது. குதிகால் சீட்டிலும் தலை அம்மாவின் மடியிலும் மட்டும்தான் பட்டன. அம்மா அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு, தன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து உடம்பு தளர்ந்து இறங்கியது.

"வெரசாப் போயேன்டா" என்றாள் அம்மா. அதைக்கூட மூச்சுக்காற்றாகத்தான் சொன்னாள்.

ஊர் தாண்டியதும் மிதித்தான். வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. உடனே பெட்ரோல் போதாமல் விக்கிக் குலுங்கியது. காலை எடுத்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி மிதித்தான், மறுபடி விக்கியது. குலுக்கலில் அப்பாவின் கழுத்து பின்னால் இழுபட, "வேணாம், வேணாம், இப்புடியே போ" என்றாள் அம்மா. ஆறு மாதம் ராப்பகலாக உழைத்துக் கட்டிய இன்ஜின், வெறும் ரோட்டில் மாட்டு வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பட்டறை மேசைமேல் விட்டுவிட்டு வந்த பம்பை அவன் நினைத்துக்கொண்டான்.

வடுவூர் ஏரிக்கரையில் ஒரு பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வீரையன் கையை வெளியே நீட்டி, ஆரன் அடிக்காதே என்று சைகை காட்டினான். வழிவிடுகிறான் என்று டிரைவர் எடுத்துக்கொண்டான் போல. நேராகப் பக்கத்தில் வந்து, கார் தகடெல்லாம் அதிர, நீளமாக ஒரு ஆரன் அடித்துவிட்டுப் போனான்.

வீரையன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, சீட்டு கிறீச்சிடுவதற்காகக் காத்திருந்தான்.

கிறீச்சிடவில்லை.

"பாத்தியாடா" என்று அம்மா கிசுகிசுத்தாள். கிளம்பியதிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் தெளிவு இருந்தது. "இம்மாம் பெரிய சத்தத்துக்கும் அசையல. அசந்து தூங்குறாரு."

வீரையன் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரம் கட்டினான். இறங்கிப் பின் கதவை மெல்லத் திறந்து, அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தான். பிறகு நெஞ்சில் கை வைத்தான். கையை எடுக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"என்னாடா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்தேன்."

இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனால், தகராறில் இருக்கிற நிலம், ஆணிக் காயம் என்று போலீஸைக் கூப்பிட்டு உடலை அறுத்துப் பார்ப்பார்கள். அவன் சீட்டில் உட்கார்ந்து வண்டியைத் திருப்பினான்.

"தஞ்சாவூரு அந்தப் பக்கமில்ல இருக்கு?" என்றாள் அம்மா.

அவன் கியரை மாற்றினான். அவள் மடியில் இருந்த தலையைக் குனிந்து பார்த்தாள். திரும்பும் வழியில் வேகமாகப் போக அவசரமும் இல்லை, சத்தத்துக்குப் பயப்படத் தேவையும் இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் ஆடு குறுக்கே வந்தபோது அவன் ஆரனைத் தொடாமல் வண்டியை நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருந்தான்.

வயலிலிருந்து ஓடிவந்த பஞ்சநதம் காருக்குள் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வண்டி பறக்கும்னு சொல்லுவியேடா மாப்ள."

"பறக்கும் மாமா" என்றான் வீரையன்.

பொழுது சாய்வதற்குள் சாதி சனம் கூடிவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ராசம்மாள் மட்டும் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, குரல் எழும்பும்போதெல்லாம் திரும்பி அவர்களைப் பார்த்தாள். அவள் பார்வை பட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தப்புப் பறைகளைக் காய்ச்சினார்கள். சுற்றுவட்டாரத்தில் தப்பு அடிப்பதில் பஞ்சநதத்தை மிஞ்ச ஆள் கிடையாது. தட்டிப் பார்க்காமல், தோலை விரலால் தடவியே பதம் பார்த்துவிட்டு அவர் வாசற்படிக்கு வந்தார்.

"அக்கா, ஆரம்பிக்கட்டுமா? மச்சான அனுப்பணும்ல."

ராசம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"மெதுவா அடிடா" என்றாள்.

பஞ்சநதம் வீரையனைப் பார்த்தார். அவன் தலை குனிந்துகொண்டான். அவர் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, தப்பை மார்போடு அணைத்து, விரல் நுனியால் அடிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் குச்சிகளைக் கீழே வைத்தார்கள். தெருவில் நின்றவர்களுக்கு அது சரியாகக் கேட்கவில்லை.