முழங்கை மட்டம்

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவரைச் சிலிண்டர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அடுப்பு எரியவில்லை என்று வந்து கதவைத் தட்டுவதும், "அந்தச் சிலிண்டர் இல்லீங்க, நாற்காலி சிலிண்டர்" என்று அவர் சொல்லி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. அலுவலக நாற்காலியில் சக்கரக் காலுக்கும் இருக்கைக்கும் நடுவே காற்றடைத்த குழாய் ஒன்று இருக்கும். லிவரை இழுத்துக்கொண்டு எழுந்தால் இருக்கை ஏறும், உட்கார்ந்தால் இறங்கும். அந்தக் குழாயைத் தட்டிக் கழற்றி வேறு மாட்டுவதுதான் அவருடைய பிழைப்பு.

மாடி மாடியாக நாற்காலிகள் நிறைந்த ஒரு பெரிய கம்பெனியில் அவருக்கு வேலை. குழாயில் காற்று கசிந்தால் இருக்கை தன்னால் இறங்கும். காலையில் கம்பீரமாக உட்கார்ந்த அதிகாரி மத்தியானத்துக்குள் மேஜைக்கு மேலே மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பார். இவர் போய் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். கிளம்பும்போது எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "கால் பாதம் தரையில, முழங்கை மேஜை மட்டத்துல. அவ்வளவுதான்." தோள் வலிக்கிறது என்று யார் சொன்னாலும் மேஜையை இறக்கிக் கொடுப்பார். உயர மேஜையில் கையைத் தூக்கி வைத்து வேலை பார்த்தால் தோள் கெட்டுவிடும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் பாலபாடம். அவர் இறக்கிய மேஜையைப் பற்றி மறுபடி ஒரு புகாரும் வந்ததில்லை.

இந்தப் பெருமை எல்லாம் கம்பெனியோடு சரி. வீட்டுக்கு வந்தால் ஒரு மேஜை அவரை நாய்படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி முடி வெட்டுகிறவள். சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருந்தாள். அங்கே இருந்த நாற்காலி வேறு ரகம். காலால் மிதிக்க மிதிக்க ஏறும், மிதியை அழுத்திப் பிடித்தால் இறங்கும். ஒரு நாள் உட்கார்ந்திருந்த பெண்ணோடு அது மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்ததில், அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் முடி தோளிலும் மறுபக்கம் காதிலும் நின்றுவிட்டது. அதை ரிப்பேர் பார்க்கப் போனவர்தான் இவர். நாற்காலி அன்றைக்கே சரியாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் கல்யாணம் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தார்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு தோள்களின் பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு சம்பந்தப்பட்டது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். நடப்பாள். விரல்கள் முன்போலவே சுறுசுறுப்பு. ஊசியை மடியில் கொடுத்தால் நூல் கோத்துவிடுவாள். முழங்கை பாதி மடங்கும். ஆனால் கையைத் தூக்க மட்டும் முடியாது. வாய்க்குக் கீழே ஒரு முழத் தூரத்தில் அந்தக் கை நின்றுவிடும், அதற்கு மேல் அது அவளுடைய கை இல்லை.

அதனால் அவர்தான் ஊட்டினார். காலையில் ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடுவார். மத்தியானம் எல்லாரும் அக்கடா என்று உட்காரும் நேரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து ஊட்டிவிட்டு, தன் சாப்பாட்டை நின்றபடியே விழுங்கிவிட்டுத் திரும்ப ஓடுவார். ராத்திரியும் அதே கதை. நடுராத்திரியில் தண்ணீர் கொடுக்கவும் போர்வையை இழுத்துவிடவும் வேறு எழுந்திருப்பார். அவசரத்தில் ஸ்பூன் பல்லில் இடிக்கும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். "போதும்" என்பாள். நாளுக்கு நாள் அந்தப் போதும் சீக்கிரம் வந்துகொண்டிருந்தது. வயிறு நிறைந்து சொல்கிறாளா, மானம் போகிறதே என்று சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை. அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது.

கம்பெனியில் அவருடைய மேஸ்திரி நல்ல மனுஷன்தான். அவரே ஒரு நாள் கூப்பிட்டு, "அண்ணே, மத்தியானம் உங்களைத் தேடித் தேடி எனக்குக் கால் வலிக்குது. மேல கேக்கறாங்க. நான் எவ்வளவு நாளைக்குத்தான் சமாளிக்கறது?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கிய மேஜை ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். மோட்டார் இல்லாத பழைய வகை. பக்கத்தில் ஒரு ஹேண்டில். சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி திரும்பி, இரண்டு கால்களும் ஒன்றுபோல ஏறும், இறங்கும். அதோடு ஒரு சிலிண்டர் நாற்காலியும். சக்கரங்களைக் கழற்றிவிட்டு வழுக்காத கட்டைகளை மாட்டினார். அவளை உட்கார வைத்தார், பாதம் தரையில் பட்டது, டேப் வைத்து அளந்தார், மேஜையை முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவள் தானாகச் சாப்பிட்டுவிட்டால் மத்தியான ஓட்டம் மிச்சம். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஸ்பூன் தட்டிலிருந்து கிளம்பி, மார்புக்கு வருவதற்குள் கவிழ்ந்தது.

மறுநாள் மேஜையைக் கொஞ்சம் இறக்கினார். கை சிரமப்படுகிறது, இன்னும் தாழ்ந்தால் சுலபமாக இருக்கும் என்பது அவர் கணக்கு. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரு தடவை அவள் மெதுவாக, "கொஞ்சம் ஏத்தித்தான் பாருங்களேன்" என்றாள்.

"தோள்ல பிரச்சினை இருக்கறவங்களுக்கு ஏத்தக் கூடாதும்மா. நான் எத்தனை மேஜை பாத்திருக்கேன்!"

"என்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கீங்க?"

"வாயாடாம சாப்பிடு" என்றார். அதோடு அவள் விட்டுவிட்டாள். மேஜை கடைசியில் அவள் மடியை இடிக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது; தட்டுக்கும் வாய்க்கும் நடுவே இருந்த தூரமோ ஏறிக்கொண்டே போனது. தொழில் தெரிந்த மனிதருக்கு அது மட்டும் கண்ணில் படவே இல்லை.

அவளுடைய தம்பி வேறு ஊரில் இருக்கிறான். போனில், "அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன் மாமா. இங்க பகல் முழுக்க ஆள் இருக்காங்க. அவளால தனியா ஒரு வேளை சாப்பிட முடிஞ்சா அங்கேயே இருக்கட்டும், இல்லாட்டி பிடிவாதம் பிடிக்காதீங்க" என்றான். "ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அவர் சரி என்றார். சரி என்று சொன்ன வேகம் அவருக்கே பிடிக்கவில்லை. அன்று ராத்திரி படுத்தபோது, முழு இரவு ஒரு தடவையும் எழுந்திருக்காமல் தூங்குவதுபோல நினைத்துப் பார்த்தார். நினைப்பே தேனாக இனித்தது. பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தாள். இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனசில்லை என்பது அவருக்குத் தெரியும். தம்பி வீட்டில் ஊட்டிவிடப்போவது தம்பி பெண்டாட்டி. அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

சனிக்கிழமையே அவர் அவளுடைய துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் முடிவே ஆகல, அதுக்குள்ள ஜிப்பையும் போட்டாச்சா?" என்று கேட்டாள். அவர் ஜிப்பைத் திறந்து வைத்தார்.

ஞாயிறு மத்தியானம், தம்பி வருவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். இரண்டு தட்டில் சாப்பாடு போட்டு, ஸ்பூனோடு மேஜைமேல் வைத்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை எழுப்பினாள். உடம்பை வளைத்தாள், மூச்சைப் பிடித்தாள். ஸ்பூன் பாதி வழி வந்தது. அப்புறம் கை தொப்பென்று விழுந்து தட்டின் விளிம்பில் பட, சோறும் குழம்பும் மடியிலும் தரையிலும் கொட்டின.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

"விடும்மா" என்றார். அவளை எழுப்பி, மடியைத் துடைத்துவிட்டார். மேஜைக்கு அடியில் குனிந்து துடைக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஹேண்டிலைச் சுற்று சுற்றென்று சுற்றி, மேஜையை முக்கால்வாசி உயரத்துக்கு ஏற்றிவிட்டுத் துடைப்பத்தை விட்டார். அவருடைய தட்டு தொடப்படாமல் மேஜைமேலேயே இருந்தது. நாற்காலி இருக்கையும் அழுக்காகிவிட்டிருந்தது. லிவரை இழுத்து அதை முழுசாக மேலே விட்டுத் துடைத்தார். அதற்குள் போன் அடித்தது. மச்சினன் கீழே வந்துவிட்டான், காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது வேலை செய்த நாளை அந்தக் குடியிருப்பில் யாரும் பார்த்ததில்லை. அவர் படியிறங்கிப் போய், இடம் காட்டி, மச்சினனோடு திரும்பப் படியேறினார்.

"என்ன மாமா, ஆளே பாதியாயிட்டீங்க!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள."

"அக்கா சாப்பிடறாளா, தானா?"

அவர் படியில் நின்றுவிட்டார். "இல்லப்பா. முடியல" என்றார். சொன்னதும் நெஞ்சில் ஏதோ லேசானது. லேசான உடனே தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. மீதிப் படிகளைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மேலே அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்த்திவிட ஆளில்லை, நின்று நின்று கால் கடுத்தது. மேஜை அவள் இடுப்புக்கும் மேலே உயர்ந்திருந்தது. உடம்பைச் சாய்த்து, பாதி மடங்கிய முழங்கைகளை அதன்மேல் ஏற்றி ஊன்றினாள். தோளிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்த பாரம் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இறங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பின்னால் இருந்த உயர நாற்காலியைக் காலால் தடவி, மேஜையிலிருந்து கையை எடுக்காமலே உட்கார்ந்தாள். ஆள் இறங்கினாள். கை மேஜைமேலேயே இருந்தது. மார்புக்கு மேலே, மோவாய்க்குப் பக்கத்தில், எதிரே அவருடைய தட்டு.

இவர்கள் இருவரும் உள்ளே வந்தபோது அவள் முழங்கையை மேஜையில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் திருப்பி, தலையை ஒரு சாண் தாழ்த்தி ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மென்றாள். விழுங்கினாள். அடுத்த ஸ்பூனை எடுத்தாள். தட்டில் கால்வாசி காலி.

"அக்கா!" என்றான் தம்பி.

"இரு, வாயில இருக்கு" என்றாள்.

சிலிண்டர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் மேஜைக்கும் தோளுக்கும் உள்ள மட்டத்தைக் கண்ணால் அளந்தார். எல்லாம் தப்பு. ஒரு அலுவலகத்தில் இப்படி யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் பதறிப்போய் இறக்கியிருப்பார்.

"எப்படிம்மா?" என்றார்.

"கடையில தினம் செஞ்சதுதானே? உயரமான பொம்பளை வந்து உட்கார்ந்தா, நான் கையைத் தூக்கியா வெட்டுவேன்? சாயங்காலத்துக்குள்ள தோள் போயிடும். நாற்காலியை இறக்கி, தலையை என் கைக்குக் கொண்டுவருவேன்." அவள் இன்னொரு வாய் சாப்பிட்டாள். "கை வராதுன்னு ஆனப்புறம் அதையே போட்டு இழுத்துட்டிருந்தா எப்படி? தலை வந்துட்டுப் போகுது."

"நீ ஏத்தச் சொன்னே" என்றார் அவர்.

"சொன்னேன்."

"நான் கேக்கல."

"கேக்கல" என்றாள். அதில் குத்தல் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

தம்பிக்குப் பசி. அவர் இன்னும் இரண்டு தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து, மச்சினனுக்கும் தனக்கும் வீட்டில் இருந்த சாதாரண நாற்காலிகளைப் போட்டார். உட்கார்ந்ததும் மேஜை இருவருக்கும் கழுத்தில் வந்து நின்றது. பெரியவர்கள் பந்தியில் இடம் பிடித்த குழந்தைகள்போல இரண்டு ஆண்களும் மோவாயைத் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் மட்டும் மகாராணி மாதிரி மேலே உட்கார்ந்திருந்தாள்.

"இறக்கட்டுமா மாமா?" என்று தம்பி ஹேண்டிலைத் தொட்டான்.

"கையை வெச்சே, தெரியும்" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டா நல்லாத் தூங்கலாம்னு நினைச்சேன்" என்றார் திடீரென்று. மச்சினன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "தெரியும். நான் போனா நீங்க தூங்குவீங்கன்னு நானும்தான் நினைச்சேன். அதனாலதான் நேத்து அந்தப் பையைக் கட்டும்போது சும்மா இருந்தேன்."

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மேஜை கழுத்து மட்டத்திலேயே இருந்தது, அதிகம் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. சும்மா ஒரு நிமிஷம் என்று தலையைச் சாய்த்தார். பலகை குளுகுளுவென்று இருந்தது. அவள் தட்டில் ஸ்பூன் படும் சத்தம், ஒரு நிறுத்தம், மறுபடி அந்தச் சத்தம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாருக்கும் அவர் ஊட்ட வேண்டியதில்லை.

மச்சினன் சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "மாமா" என்று தோளைத் தொடப் போனான்.

"எழுப்பாதடா" என்றாள் அவள், மெதுவாக. கதவோரம் இருந்த பையை மோவாயால் காட்டினாள். "அதைக் கொண்டுபோய் உள்ள வை. சத்தம் போடாம."