இர்யா கேட்ட மறுசோதனை

ராணுவப் பயிற்சி முடித்து ஊரில் இருப்பவர்கள் சேர்ந்த எங்கள் ஹொங்காவாரா ரிசர்வ் வீரர் சங்கத்துக்கு ஆறு புதுத் துப்பாக்கிகள் வாங்குவது என்று ஜனவரிக் கூட்டத்தில் முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் சங்கம் இரண்டாகப் பிரிந்தது.

கடைக்காரர் பார்ப்பதற்கு இரண்டு கொடுத்திருந்தார். இரண்டுமே அரைத் தானியங்கிகள். விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஒன்று நான்கரைக் கிலோ, தடித்த தோட்டா, ராணுவத்தில் இருந்த எவருக்கும் கை பழகிய பழைய அமைப்பு. மற்றது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல், மெல்லிய தோட்டா, மேலே குறிபார்க்கும் கண்ணாடியும் கீழே தாங்கும் கால்களும் மாட்டிக்கொள்ள நீளமான பள்ளங்கள். கனமானதைக் கரடி என்றோம். லேசானதை நரி என்றோம்.

கரடியின் பக்கம் சங்கத் தலைவர் தைஸ்தோ. எல்லைக் காவலில் முப்பது வருடம் இருந்தவர், இப்போது அறுபத்தாறு வயது. நரியின் பக்கம் இர்யா கெத்துனென். காட்டுக்குள் மரம் வெட்டும் இயந்திரம் நின்றுபோனால் பனியில் படுத்து அதைச் சரிசெய்து எழுப்பிவிடுவது அவள் பிழைப்பு. நான் ஹெல்வி, சங்கச் செயலாளர். நோட்டும் நிறுத்துக் கடிகாரமும் என் கையில்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை சோதனை. குளிர் மைனஸ் இருபத்து நான்கு டிகிரி. இரண்டு துப்பாக்கிகளையும் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் முந்நூறு குண்டு சுடுவது என்று விதி. கரடி முந்நூறையும் இருமலில்லாமல் சுட்டு முடித்தது. நரி பதினோராவது குண்டில் நின்றது. இர்யா சிக்கிய தோட்டாவை எடுத்துவிட்டுச் சுட்டாள். நான்கு குண்டு போனதும் மறுபடி நின்றது. அறுபது குண்டுக்குள் ஒன்பது தடவை.

"நரி குளிருக்குச் சுருண்டு படுத்துக்கிச்சு. போர்வை இருந்தா போத்தி விடுங்கப்பா" என்றார் தைஸ்தோ. எல்லோரும் சிரித்தார்கள்.

இர்யா சிரிக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. "ஒன்பதுன்னு எழுதிக்கோ ஹெல்வி" என்று மட்டும் சொல்லிவிட்டு நரியைப் பையில் போட்டு எடுத்துப் போனாள்.

மறுநாள் மத்தியானம் போன் செய்தாள். "இதைப் பிரிச்சு வச்சிருக்கேன். உள்ள கம்பெனில தடவி அனுப்பின எண்ணெய் அப்படியே இருக்கு. வெளியே கொண்டுபோய் வச்சா மெழுகு மாதிரி இறுகுது. ஆமா, கரடியை சோதனைக்கு முன்னாடி யாரு வச்சிருந்தது?"

"ரெண்டுமே தைஸ்தோ வீட்லதான் இருந்துச்சு" என்றேன். அவர் ஏமாற்றியிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

செவ்வாய்க்கிழமை சங்கக் குடிசையில் கூட்டம். காப்பி ஊற்றும் வரைகூட இர்யா பொறுக்கவில்லை.

"தைஸ்தோ, கரடியைச் சோதனைக்கு முன்னாடி பிரிச்சியா?"

"பிரிச்சேன். வெள்ளிக்கிழமை."

"எண்ணெயைத் துடைச்சியா?"

"துடைக்காம? பனிக்குப் போற துப்பாக்கி உலர்ந்து இருக்கணும். முப்பது வருஷமா அப்படித்தான்."

"அப்ப நரியை?"

 தைஸ்தோவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. பழகிய கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் விதியைக் காட்டித் தப்பித்திருப்பார். தைஸ்தோ கையிலிருந்த காலிக் குவளையை மேசையில் வைத்தார்.

"நரியைத் தொடலை. அது எனக்குத் தோணவே இல்லை" என்றார். "ஹெல்வி, அந்தப் பக்கத்தை அடிச்சிடு. முதல்ல இருந்து செய்வோம். ரெண்டையும் இர்யாவே துடைக்கட்டும்."

"நீயும் கூட இரு" என்றாள் இர்யா. "அப்புறம் நான் கரடிக்குத் தேன் தடவினேன்னு சொல்லுவ."

இரண்டாவது சோதனையன்று குளிர் இன்னும் இரண்டு டிகிரி கூடியிருந்தது. கரடி முந்நூறு. நரி முந்நூறு. ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. கடைசிக் குண்டு போனபோது இர்யா தலையை லேசாக அசைத்தாள். பழுது பார்த்த இயந்திரம் முதல் முயற்சியிலேயே கிளம்பும்போது அசைப்பாளே, அப்படி.

அடுத்தது குறி. நூற்றைம்பது மீட்டரில், மணல் மூட்டையின் மேல் வைத்துப் பத்துக் குண்டு. கரடியின் ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டின் நடுப்பகுதி அளவுக்குப் பரவியிருந்தன. நரியின் பத்தும் ஒரு காப்பிக் குவளையின் வாய்க்குள் அடங்கின. தைஸ்தோ தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை எண்ணினார்.

பிறகு துணைக்கருவிகள். தடித்த கையுறையோடு கரடியின் பாதுகாப்புப் பூட்டை நகர்த்த எனக்கு வலது கை போதவில்லை. நரியில் விசைக்குக் கீழே இருக்கும் வளைவை மடக்கிவிட்டால் கையுறை விரல் தாராளமாக நுழைகிறது. தோளில் வைக்கும் கட்டையை என் கைக்குத் தக்கபடி குறுக்கவும் முடிகிறது. கரடியின் மேல் கண்ணாடி மாட்டினால் கழற்றி மாட்டும்போதெல்லாம் குறி தவறுகிறது. ஆனால் நரியின் கண்ணாடி என் மூச்சுப் பட்டு உறைந்து வெள்ளையாகிவிட்டது. கரடியின் குழல்மேல் இருக்கும் இரும்புக் குறிமுள்ளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

"அதையும் எழுது" என்றாள் இர்யா. "பெரிசாவே எழுது."

தைஸ்தோ இன்னும் இறங்கி வரவில்லை. "மூட்டை மேல வச்சு யாரு வேணும்னாலும் சுடலாம். பனியில ஓடி, மூச்சு வாங்கும்போது எது அடிக்கும்? அதைச் சொல்லு."

"ஓடிருவோம். நீ நரியை எடு. நான் கரடியை எடுத்துக்கறேன்."

"மாத்தியா?"

"பயமா இருந்தா வேணாம்."

நானூறு மீட்டர் ஓட்டம், நான்கு இடத்தில் நின்று சுட வேண்டும், மொத்தம் இருபது இரும்புத் தகடு. இர்யா கரடியோடு நான்கு நிமிடம் பத்து நொடியில் முடித்தாள். பதினேழு தகடு விழுந்தது. தைஸ்தோ நரியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் மேட்டிலேயே அவர் நடை மாறியிருந்தது. வழக்கமாக அங்கே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார். அன்று நிற்கவில்லை. தகடுகள் டங் டங்கென்று விழுந்துகொண்டே இருந்தன. பத்தொன்பது. நான்கு நிமிடம் முப்பத்திரண்டு நொடி. போன இலையுதிர் காலத்தில், கரடி மாதிரியே இருக்கும் தன் சொந்தத் துப்பாக்கியோடு, அவருக்கு ஐந்தேகால் நிமிடமும் பதினாறு தகடும்.

கடிகாரத்தை நீட்டினேன். அவர் நம்பவில்லை. "உறைஞ்சு நின்னுபோச்சா இது?"

"கடிகாரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீயும் ஓடியிருக்க."

அவர் பனியில் அப்படியே உட்கார்ந்து, மீசையெல்லாம் வெள்ளையாக, சிரித்தார். "ஆறும் நரியே வாங்குங்க. அறுபத்தாறு வயசுல என் நுரையீரலைத் திருப்பிக் குடுத்திருக்கு."

ஏப்ரலில் கயானியில் மாகாணப் போட்டி. ஒன்பது சங்கங்கள்; அணிக்கு நான்கு பேர். ஏழு வருடமாக நாங்கள்தான் கடைசி. அன்று மழையும் பனியும் கலந்து பெய்து, தடம் முழுக்கச் சேறு. கண்ணாடிகள் உறையும் குளிர் இல்லை, ஆனாலும் இர்யா ஒவ்வொன்றுக்கும் டயர் டியூபில் ஒரு மூடி வெட்டிப் போட்டிருந்தாள். மூன்று அணிகளின் துப்பாக்கிகள் சேறு புகுந்து நடுவில் நின்றன. எங்கள் நரிகள் நிற்கவில்லை. நான் பதினெட்டுத் தகடு. எங்கள் சங்கத்து இன்னொரு பெண் ரௌனி பதினேழு. இர்யா பத்தொன்பது. கடைசியாகத் தைஸ்தோ. முதலிடத்துக்கு அவர் பதினெட்டு அடிக்க வேண்டும்.

பதினெட்டாவது தகடு விழுந்தபோது ரௌனி என் கையைக் கிள்ளினாள். தைஸ்தோ திரும்பிக்கூடப் பார்க்காமல் பத்தொன்பதையும் அடித்தார், இருபதையும் அடித்தார். கடைசிச் சங்கத்துக்கு யாரும் கைதட்டியதில்லை. அன்று மைதானம் முழுக்கத் தட்டியது.

கூடாரத்தில் பட்டாணி சூப்பை வாங்கி உட்கார்ந்தபோது, போன வருடம் வென்ற அணியின் தலைவர் வந்து தைஸ்தோவிடம் கேட்டார்: "என்ன துப்பாக்கி அது? எங்களுக்கும் சொல்லேன்."

தைஸ்தோ இர்யாவின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். "இவகிட்ட கேளு. நான் சொன்னதை வாங்கியிருந்தா இந்நேரம் உங்களுக்குக் கை தட்டிட்டு இருந்திருப்போம்."

இர்யாவின் வாய் நிறைய சூப். கரண்டியாலேயே எதிர் பெஞ்சைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள்.