உள்ளே கேட்டுச் சொல்கிறேன்

ஈரப் பஞ்சால் கணவரின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்த தையற்காரி, அவை இன்னமும் அசைவதைக் கண்டாள். ஓசை இல்லை. ஆயினும் அவ்வுதடுகள் ஏதோ ஒரு சொல்லைத் தொட்டுத் தொட்டு விலகின.

"அம்மா, டாக்டர் மறுபடி போன் பண்ணாரு," என்றான் மகன். "ஆஸ்பத்திரியில மெஷின்ல வச்சா நாலஞ்சு நாள் தள்ளுமாம். இல்லேன்னா வீட்டுலயே நிம்மதியா இருக்கட்டும்ங்கிறாரு. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. வந்ததும் ஒரு முடிவு சொல்லணும்."

"உங்கப்பாவைத்தான் முந்தாநாளே கேட்டோமேடா."

"என்ன சொன்னாரு? 'உள்ள கேட்டுச் சொல்றேன்'னு கண்ண மூடினாரு. இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னர் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர், இருபது ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் கண்மூடி அமர்ந்து, யோகா ஆசிரியர் காதோடு காதாகத் தந்த மந்திரத்தை மனத்துக்குள் உருவேற்றி வந்தார். அதைப் பிறரிடம் சொல்லலாகாது என்பது கட்டளை, மனைவியிடமும் சொன்னதில்லை. வீடு மாற்றுவதா, மகனை எதில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் விடை அங்கிருந்துதான் வரவேண்டும். உடன் வேலை செய்தவர்கள் அவருக்குக் 'கேட்டுச்சொல்றேன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "உள்ள இருக்கிற ஆளுக்கு இன்னைக்கு லீவா?" என்று அவளும் எத்தனையோ முறை சீண்டியிருக்கிறாள்.

இன்று கேட்கவேண்டியவள் அவளாகிப்போனாள்.

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, முதுகை நிமிர்த்தி, உள்ளங்கைகளை மடியில் விரித்துக் கண்களை மூடினாள். எதைச் சொல்வது? அவளுக்கு எவரும் எதையும் தந்ததில்லை. நாளொன்றுக்கு நூறு தடவை சொல்லித் தேய்ந்த சொல் ஒன்றே நாவில் வந்து நின்றது.

"ஏங்க... ஏங்க..."

முதலில் அது அழைப்பாக இருந்தது. பிறகு கேள்வியாயிற்று. பிறகு அவ்விரண்டும் உதிர்ந்து, வெறும் ஒலியாகி, மூச்சோடு உள்ளே இறங்கியது. திரைச்சீலையின் மஞ்சள் வெளிச்சம் இமைகளுக்குள் நீர்போல் நிரம்பிற்று. அவள் ஒரு லிஃப்டில் நின்றிருந்தாள். அருகில் அவர், இளமையான பிடரியோடு, திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார். கதவு மூடிவிடாதபடி அவளுடைய விரல் பொத்தானை அழுத்தியிருந்தது, அது வலித்தது. எவ்வளவு நேரமாக அழுத்துகிறோம் என்று நினைவில்லை. அவர் கருவிப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, வேலை முடிந்த முகத்தோடு அவளைப் பார்த்தார். அவள் விரலை எடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

கண் திறந்தபோது தெருவில் வண்டி நிற்கும் ஓசை கேட்டது.

"வேண்டாம்னு சொல்லிடுடா."

"அப்பா சொன்ன மாதிரி இருந்துச்சாம்மா?"

"இல்லடா. நான் சொல்றேன்."

மகன் படியிறங்கிப் போனான். அவள் சன்னலில் நின்று பார்த்தாள். குறுகிய தெருவில் ஆம்புலன்ஸ் திரும்ப வழியில்லை. எதிர்வீட்டுக்காரர் வாயில் பல்துலக்கியோடு ஓடிவந்து தம் ஸ்கூட்டரை நகர்த்தினார். ஓட்டுநர் கையுயர்த்தி நன்றி சொன்னார். வண்டி ஒலியெழுப்பாமல் பின்வாங்கிப் போயிற்று.

அவள் திரும்பியபோது, அவர் மார்பின் மேலிருந்த போர்வை அசையவில்லை.

விலகியிருந்த ஓரத்தை இழுத்து அவர் பாதங்களை மூடிவிட்டு, சுவரருகே சென்று மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைத்தாள்.