செகண்டுக்கு இடமில்லை

மேனேஜர் சீனிவாசனுக்கு வாசகப் பைத்தியம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு அவர் வந்ததிலிருந்து பேக்கிங் ஹால் கரும்பலகையில் தினம் ஒன்று எழுதியாக வேண்டும். ‘ஜெயித்தவன் பேசுவான், தோற்றவன் காரணம் சொல்வான்’ என்கிற மாதிரி. அதைப் படித்துவிட்டு யாரும் ஒரு ஜோடி கூடுதலாகச் செய்ததில்லை, அது வேறு விஷயம். எழுதும் வேலை பேக்கிங்கில் இருக்கும் ஃபிர்தௌஸுக்கு. அழகான கையெழுத்தால் வந்த வினை.

அன்று சீனிவாசன் கடுப்பில் இருந்தார். அந்த மாத உற்பத்தியில் கம்பெனியின் பேரணாம்பட்டு யூனிட் முதலிடம் வாங்கிவிட்டது, ஆம்பூர் இரண்டாவது. போதாததற்குத் தையல் கோணிய, கீறல் விழுந்த ‘செகண்ட்ஸ்’ ஷூக்கள் வேறு குவிந்து கிடந்தன.

“எழுதும்மா. செகண்டுக்கு இங்கே இடமில்லை. ரெண்டுக்கும் சேர்த்து உறைக்கட்டும்.”

ஃபிர்தௌஸின் இரண்டாவது மகள் உமைமா காய்ச்சலோடு வீட்டில் கிடக்கிறாள். அந்த நினைப்பிலேயே, என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல் ஃபிர்தௌஸ் எழுதினாள்.

பத்து மணிக்கு அவள் திறந்த பெட்டியில் இடது கால் ஷூ மட்டும் இருந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. பக்கத்தில் சோபனா ஒற்றை ஷூவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு எங்க சோபனா?”

“இன்னொண்ணா? பெட்டிக்கு ஒண்ணுதானேக்கா எப்பவும்.”

சோபனா சிரிக்கவில்லை. இரண்டாவது பேக்கிங் லைன் இருந்த இடத்தில் வெறும் சிமெண்ட் தரை, அங்கே யாருமே வேலை பார்த்ததில்லை என்பது போல. ஃபிர்தௌஸ் கணவன் தபரேஸுக்குப் போன் போட்டாள்.

“உமைமாவுக்கு ஜுரம் எப்படி இருக்கு?”

“யாரு உமைமா?”

“விளையாடாதீங்க. நம்ம சின்னவ.”

“இன்னா ஆச்சு உனக்கு? நமக்கு ஹீனா ஒருத்திதானே” என்றான், பரிவாகத்தான்.

காலையில் எழுதிய வாசகம் நினைவுக்கு வர, பலகையிடம் ஓடினாள். துப்பட்டாவைக் குழாயில் நனைத்துப் பலகையில் ஓங்கித் தேய்த்தாள். முதல் தேய்ப்பில் ‘செகண்டுக்கு’ போனது. அதற்குள் போன் அடித்தது.

“அம்மி, நான் உமைமா. ஜுரம் விட்டுடுச்சு. எப்ப வர்றே?”

ஃபிர்தௌஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “வர்றேன் கண்ணு, இப்பவே வர்றேன்.”

“அம்மி? பேசு அம்மி.”

“பேசறேனே” என்று கத்தினாள். ஹாலில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. சோபனா மட்டும் நிமிர்ந்து, அவளைத் தாண்டி, பலகையில் மிஞ்சியிருந்ததைப் படித்தாள். “இங்கே இடமில்லை.”

யாருக்கு என்பது அழிந்துபோன வாசகம் இப்போது அழித்தவளையே பிடித்துக்கொண்டது என்று அப்போதுதான் ஃபிர்தௌஸுக்கு உறைத்தது. மிச்சத்தையும் தேய்த்தாள். எத்தனை தேய்த்தும் பலகையில் ஈரம்கூடப் படவில்லை.

“யாரும் இல்லப்பா” என்று அங்கே தபரேஸிடம் சொல்லிவிட்டு உமைமா போனை வைத்தாள்.