சோதித்ததாகக் கருதப்பட்ட தராசுகள்

மூன்று நாள் பயிற்சி முகாமிலிருந்து மேலாளர் ஒரு தோல்பையும் ஓர் ஆங்கில வினைச்சொல்லும் கொண்டுவந்தார். பையின் ஜிப் ஒரே வாரத்தில் பல்லிளித்துவிட்டது. சொல் மட்டும் நின்று உழைத்தது.

‘டீம்’ (deem) என்பது அந்தச் சொல்; குழுவைக் குறிக்கும் ‘டீம்’ அல்ல. ஒரு விஷயம் உண்மையில் எப்படி இருந்தாலும் சரி, இன்னபடி இருப்பதாகக் கருதிவிடுவது என்று பொருள். யார் வேண்டுமானாலும் கருதிவிட முடியாது. அதிகாரம் உள்ளவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அது அப்படித்தான். தட்டச்சு செய்யும் பெண் இன்னும் சுருக்கிச் சொன்னாள்: “செஞ்ச மாதிரி கணக்கு, அவ்வளவுதான்.”

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அலுவலகம் அது. அதன் ஒழுகும் கூரை பழுதுபார்க்கப்பட்டதாகக் கருதப்பட்டது. கீழே வைத்த வாளி வழக்கம்போல நிறைந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு வராதவர்கள் வந்ததாகவும், வந்து தூங்கியவர்கள் கவனித்ததாகவும் கருதப்பட்டார்கள். பதினான்கு வருடமாகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கும் சோதனையாளருக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தன் தலையில் விடியும்வரை.

அவள் கணவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்துவிட்டுப் பத்தாம் நாள் காலை வந்தாள். தட்டச்சுப் பெண் முகத்தைப் பார்க்காமல் ஒரு கடிதத்தை நீட்டினாள். ‘எழுத்துமூலம் விடுப்புக் கோராமல் ஏழு நாட்களுக்கு மேல் வராத தாங்கள், பணியிலிருந்து விலகியதாகக் கருதப்படுகிறீர்கள்.’

“போன்ல சொன்னேனேடி!”

“சொன்னீங்கக்கா. சொல்லாததா கருதிட்டாரு.”

கணவர் எழுந்து நடமாட இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிவது இவள் வேலையை நம்பித்தான். மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று போனவள், திறந்து கிடந்த சோதனைப் பதிவேட்டைப் பார்த்து நின்றாள். அந்த ஒன்பது நாளில் நாற்பத்து மூன்று தராசுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக, ‘சோதனையாளரால் சோதிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது’.

“இதையெல்லாம் யாரு சோதிச்சது?”

“நீங்கதான்க்கா.”

“நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல பாய் விரிச்சுக் கிடந்தேன்.”

“கடைக்காரங்க வந்து வரிசையில நின்னு கத்தினாங்க. சார் முத்திரையை எடுத்து டொக்கு டொக்குனு குத்தி அனுப்பிட்டாரு.”

சோதனையாளர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனாள்.

“சார், இந்த ஒன்பது நாளும் நான் வந்தேனா, வரலையா?”

“வரலை. அதான் கடிதம் குடுத்திருக்கே.”

“அப்ப இந்த நாப்பத்திமூணு தராசு?”

மேலாளர் எட்டிப் பார்த்தார். “அது விஷயத்துல மட்டும் வந்ததா கருதப்படறீங்க.”

“வேலையை விட்டுப் போனவளும் நானே, வேலை பார்த்தவளும் நானேவா? மேலிடத்துலேருந்து வந்து கேட்டா யாரைக் காட்டுவீங்க?”

மேலாளர் தண்ணீர் குடித்தார். பிறகு பெரிய மனது பண்ணிச் சிரித்தார். “சரிம்மா. நீங்க விலகாததாவே கருதிடறேன். ஒன்பது நாளும் வந்ததா கருதிடறேன். பதிவேட்டுல ஒரு கையெழுத்து, போய் மேசையில உட்காருங்க. யாருக்கும் தொந்தரவில்லை.”

பேனாவை வாங்கினாள். ஒரு கையெழுத்துதான், வேலை திரும்பிவிடும். முதல் வரியில் இருந்தது தெருமுனை மருந்துக்கடையின் சின்னத் தராசு. மருந்துப் பொடியை மில்லிகிராம் கணக்கில் நிறுக்கிற தராசு.

பேனாவை மூடினாள்.

“நான் தொடாத தராசுக்குப் போட மாட்டேன் சார்.”

“அப்ப விலகினதாத்தான் கருதணும்.”

“கருதுங்க. கடிதம், பதிவேடு ரெண்டையும் சேர்த்து மேலிடத்துக்கு நானே அனுப்பறேன். அவங்க உங்களைப் பத்தி என்ன கருதறாங்கன்னும் பார்த்துடுவோம்.”

தன்னையும் யாராவது கருத முடியும் என்பது மேலாளருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. முகம் சுண்டிப்போயிற்று.

“என்னதான் செய்யணுங்கறீங்க?”

“கடிதம் ரத்துன்னு எழுதுங்க. ரத்தானதா கருதப்படும்னு இல்லை, ரத்து. ஒன்பது நாளும் விடுப்பு. தராசையெல்லாம் நான் கடை கடையா போய்ச் சோதிக்கறேன், இன்னிக்கே. நீங்களும் வாங்க. கடைக்காரங்க கேட்டா முத்திரை குத்தினவருதான் பதில் சொல்லணும்.”

‘ரத்து’ என்ற மூன்றெழுத்தை எழுத அவருக்கு இரண்டு தாள் வீணாயிற்று. முதல் தாளில் கை பழக்கதோஷத்தில் ‘கரு’ என்று தொடங்கிவிட்டது.

பெட்டி தூக்கும் உதவியாளர் அன்று விடுப்பு. எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியை மேலாளர்தான் தூக்கினார். அலுவலக வாசலின் இரண்டாம் படியில் இறக்கி வைத்துக் கையை மாற்றிக்கொண்டார்.

“எவ்வளவும்மா இருக்கும் இது?”

“இருபது கிலோ சார். போன மாசம்தான் சரிபார்த்தேன்.”

அவள் மருந்துக்கடைப் பக்கம் முன்னால் நடந்தாள்.